நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோபி: குழாய்க்குத் தெரிவதும் தெரியாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் நெஞ்செரிச்சல் பற்றி வெளியான கட்டுரை, இரைப்பை அமிலம் ஏன் மேலே ஏறி வருகிறது என்பதை எளிமையாக விளக்கியிருந்தது. ஆனால், ‘எரிச்சல் தொடர்ந்தால் ஓர் எண்டோஸ்கோபி எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிட்டது. அந்த வரியை நம்பிப் பரிசோதனைக்கு வருபவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. உண்மையிலேயே தேவைப்படுபவர்களில் பலரோ, மாத்திரையை விழுங்கிக்கொண்டே வந்து, நாங்கள் பார்க்க வேண்டிய புண்ணை முன்கூட்டியே ஆற்றிவிட்டு மேசையில் படுக்கிறார்கள். இரு தரப்பினர் கையிலும் ‘நார்மல்’ என்ற ஒரே தாள்தான் போய்ச் சேர்கிறது. அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எண்டோஸ்கோபிக் கருவி சுமார் 9 மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளைந்து கொடுக்கும் குழாய். அதன் நுனியில் கேமராவும் விளக்கும் இருக்கின்றன. ஆய்வுக்குத் தசைத்துண்டு (பயாப்சி) எடுக்கும் இடுக்கியை நுழைக்க உள்ளே ஒரு சிறு பாதையும் உண்டு. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றின் உட்சவ்வை இது அருமையாகக் காட்டும். ஆனால், அமிலம் மேலேறுவதை இது காட்டாது. சாப்பிட்ட பிறகு உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை, விழுங்காத நேரத்திலும் சில நொடிகள் தானாகத் தளர்ந்து திறக்கும். எதுக்களிப்பின் பெரும்பகுதி அந்த நொடிகளில்தான் நடக்கிறது. வெறும் வயிற்றோடு, மயக்க மருந்தில், பத்து நிமிடம் படுத்திருப்பவரிடம் அதைப் பார்த்துவிட முடியாது. அமிலம் வந்துபோன தடம் ஏதாவது சவ்வில் பதிந்திருக்கிறதா என்று மட்டுமே நாங்கள் தேடுகிறோம்.

தடம் பதியாமலும் அமிலம் வந்துபோகும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடாத நிலையில் எண்டோஸ்கோபி செய்தாலும், ஏறத்தாழ 10 பேரில் 7 பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் புண் இருப்பதில்லை. அவர்களில் பலருக்கு எதுக்களிப்பு நோய் இருக்கவே செய்கிறது. ஆகவே ‘நார்மல்’ என்ற அறிக்கைக்கு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று பொருள் கொள்வது பெரிய அநியாயம். ‘புண் இல்லை, சுருக்கம் இல்லை, கட்டி இல்லை’ என்பது மட்டுமே அதன் பொருள். அதுவும் நிம்மதி தரும் செய்திதான், ஆனால் எரிச்சலுக்கான காரணம் அதில் இல்லை.

அப்படியானால் யார் நேராக எண்டோஸ்கோபிக்கு வர வேண்டியதில்லை? நெஞ்சுக்கூட்டின் பின்னால் கீழிருந்து மேலேறும் எரிச்சலும், புளித்த நீரோ உணவோ தொண்டைவரை எதுக்களிப்பதும் இருந்து, வேறு எந்த அபாய அறிகுறியும் இல்லாதவர்கள். இவர்களுக்கு முதலில் 8 வார மருந்துச் சோதனை போதும். ஓமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரை, நாளுக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு.

அந்த 30 நிமிடம் ஏன் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்பம்புகள் இருக்கின்றன. உணவு வரும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை வேலையைத் தொடங்கும். இந்த மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே பூட்டும். தூங்கும் பம்பைத் தொடாது. மருந்தோ ஒன்றிரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து பாதிக்கு மேல் கரைந்துவிடும். பம்புகள் எழும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தாக வேண்டும். படுக்கப் போகும்போது தண்ணீரோடு விழுங்கினால், அல்லது சாப்பிட்டு முடித்து ஏப்பம் வந்த பிறகு நினைவு வந்து போட்டுக்கொண்டால், பாதிப் பலன் போய்விடும். ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று எண்டோஸ்கோபிக்கு அனுப்பப்படும் பலருக்கு முதலில் திருத்த வேண்டியது இந்த நேரக்கணக்கைத்தான். எரியும்போது மட்டும் ஒன்று என்று போடுவதும் இந்தச் சோதனைக்குக் கணக்கில் வராது. முழு வீச்சு வர இரண்டு மூன்று நாட்களாவது ஆகும்.

8 வாரத்தில் குணமாகிவிட்டால் மாத்திரையை நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் பலருக்குப் புதிதாக எரிச்சல் வந்ததை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அடக்கிவைத்த சுரப்பு திரும்பி எழும்போது சில வாரங்களுக்கு வழக்கத்தை மிஞ்சி எழுகிறது. நிறுத்திய மூன்றாம் நாள் எரிந்ததும் ‘நோய் போகவில்லை’ என்று முடிவுகட்டி ஆயுளுக்கும் மாத்திரையைத் தொடர்பவர்கள் ஏராளம். அந்த வாரங்களை ஆன்டாசிட் திரவத்தையோ ஆல்ஜினேட் மருந்தையோ கொண்டு கடத்திப் பார்ப்பது நல்லது. ஆல்ஜினேட் சுரப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையில் இருக்கும் உணவின் மேல் நுரைத் தெப்பம்போல மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிறது. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுத்தால்தான் அதற்குப் பயன்.

முறையாக 8 வாரம் சாப்பிட்டும் அடங்கவில்லை, அல்லது நிறுத்திய பின் எரிச்சல் மீண்டும் வந்து நிலைத்துவிட்டது என்றால், அப்போது எண்டோஸ்கோபிக்கு வேளை வந்துவிட்டது.

சிலர் மட்டும் இந்த 8 வாரக் காத்திருப்பில் இறங்கவே கூடாது. விழுங்கும்போது உணவு நெஞ்சில் சிக்கி நிற்பது, விழுங்க வலிப்பது, முயற்சி செய்யாமலே எடை குறைவது, இரத்த வாந்தி, தார்போல் கருத்த மலம், காரணம் தெரியாத இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். முதலில் திடப்பொருள் சிக்கி, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர் என்று விழுங்கும் சிரமம் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போவதுதான் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கும் கதை. இவர்களில் சிலர் கேஸ் மாத்திரை போட்டு எரிச்சல் குறைந்ததும், சிக்குவதையும் பழகிக்கொண்டு, மென்று மென்று சாப்பிட்டு மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். எரிச்சல் குறைந்தது என்பது சிக்கலுக்கு விடை ஆகாது.

நெஞ்சுவலி வேறு விஷயம். எரிச்சலா வலியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நெஞ்சு அவஸ்தைக்கு, குறிப்பாக நடந்தால் வந்து நின்றால் போவதாகவோ, வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வருவதாகவோ இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. ஈசிஜி எடுக்கும் முன் எண்டோஸ்கோபி எடுக்கும் தவறு உயிரைக் குடிக்கும்.

இப்போது இந்தக் கடிதத்தின் மையத்துக்கு வருகிறோம். எதுக்களிப்பு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காக எண்டோஸ்கோபி செய்வதானால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 முதல் 4 வாரம் முன்பே நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. காரணம் எளிது. உணவுக்குழாய்ப் புண்கள் இந்த மாத்திரைக்கு நன்றாக ஆறுபவை. 8 வாரத்தில் பெரும்பாலானவை ஆறிவிடும். மாத்திரையோடு வந்து படுத்தால், ஆறிய சவ்வைப் பார்த்து நாங்கள் ‘நார்மல்’ என்று எழுதுகிறோம். அவருக்குக் கடுமையான புண் இருந்து ஆறியதா, தொடக்கத்திலிருந்தே ஒன்றும் இல்லையா என்று அந்தப் படத்தை வைத்து உலகில் யாராலும் சொல்ல முடியாது. முன்னவருக்கு நீண்டகால மருந்து தேவைப்படலாம். பின்னவருக்கு மருந்தே தேவையில்லாமல் இருக்கலாம்.

மறைந்துபோவது புண் மட்டுமல்ல. இயோசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்றொரு ஒவ்வாமை வகை அழற்சி இருக்கிறது. இளவயதினரிடம் உணவு சிக்கிக்கொள்வதற்கு முக்கியமான காரணம் அது. அதுவும் சிலருக்கு இந்த மாத்திரைக்கே அடங்கிவிடும். மாத்திரையோடு எடுத்த தசைத்துண்டில் தடயம் இருக்காது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனையும் அப்படித்தான். கடந்த 2 வாரத்துக்குள் அமில மாத்திரையோ, 4 வாரத்துக்குள் ஆன்டிபயாட்டிக்கோ சாப்பிட்டிருந்தால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும்.

நிறுத்தக் கூடாதவர்களும் உண்டு. அபாய அறிகுறி உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்துவதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. முன்பே கடும் புண்ணோ, உணவுக்குழாயின் அடிச்சவ்வு குடல் சவ்வைப்போல மாறும் பாரெட்ஸ் மாற்றமோ உறுதியானவர்கள், குடலில் இரத்தக்கசிவு வந்தவர்கள், ஆஸ்பிரினோடு வேறு இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுவதால் வயிற்றுப் பாதுகாப்புக்காக இதைப் போடுபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் தேதி வாங்கும்போதே ‘எந்த மாத்திரையை எந்த நாளிலிருந்து நிறுத்த வேண்டும்’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மேசையில் படுத்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிட்டது.

பரிசோதனை நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். திட உணவு குறைந்தது 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், அந்த மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். இரைப்பையில் உணவு மிச்சமிருந்தால் பார்வை மறைவதோடு, அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு. எடைக்கும் சர்க்கரைக்கும் போடும் செமாகுளுடைடு போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு பட்டினியாக வந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அன்றைய அளவை முன்பே பேசி வைக்க வேண்டும். சாதாரணமாகப் பார்ப்பதற்கும் தசைத்துண்டு எடுப்பதற்கும் ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை. கழற்றக்கூடிய பல்செட்டைக் கழற்றிவிட வேண்டும்.

தொண்டையில் லிடோகெயின் ஸ்பிரே அடித்து, இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே ஒரு வளையம் வைப்பார்கள். விரும்பினால் தூக்க மருந்து. குழாய் உணவுப்பாதையில் போகிறது. மூச்சுப்பாதை திறந்தே இருக்கும். குமட்டல் வருவது முதல் அரை நிமிடத்தில்தான். அப்போது எச்சிலை விழுங்க முயலாமல் வெளியே வழியவிட்டு, மெதுவாக மூச்சு விடுவது உதவும். வயிறு உப்புவதுபோல் இருப்பது, மடிப்புகளை விரிக்க நாங்கள் செலுத்தும் காற்றால். குழாயை உள்ளே விடுவது முதல் வெளியே எடுப்பது வரை குறைந்தது 7 நிமிடமாவது பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் தர அளவுகோல். ‘இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்’ என்பது பாராட்டு அல்ல. பார்ப்பதற்கு மட்டும் செய்யும் எண்டோஸ்கோபியில் துளை விழுவது போன்ற பெரிய ஆபத்து பல ஆயிரத்தில் ஒன்று. இருந்தாலும் வீட்டுக்குப் போன பின் கடும் நெஞ்சுவலி, கழுத்து வீக்கம், காய்ச்சல், கருத்த மலம் என்று எதுவந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும். தொண்டை மரத்திருக்கும்வரை எதுவும் குடிக்கக் கூடாது. தூக்க மருந்து வாங்கியவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

உள்ளே எதைப் பார்க்கிறோம் என்பதற்கு ஓர் இடத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறோம். முன்பற்களிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் உள்ளே, வெளிறிய முத்துநிறத்தில் வரும் உணவுக்குழாய்ச் சவ்வு சட்டென்று முடிந்து, இளஞ்சிவப்பான இரைப்பைச் சவ்வு தொடங்கும். அந்த எல்லை நேர்கோடாக இராமல் ஏறி இறங்கிப் போவதால் அதற்கு இசட் கோடு என்று பெயர். எதுக்களிப்பின் வரலாறு எழுதப்படுவது இந்தக் கோட்டுக்கு மேலே உள்ள சில சென்டிமீட்டரில்தான். அங்கே எச்சிலும் நுரையும் படிந்திருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, காற்றைச் சற்றுக் கூட்டி மடிப்புகளை விரித்து, சுற்றிலும் பார்க்க வேண்டும்.

புண் இருந்தால் அதற்குத் தரம் குறிக்க வேண்டும். 1994-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த உலக மாநாட்டில் அறிமுகமானதால் அந்த நகரின் பெயராலேயே இந்த வகைப்பாடு வழங்குகிறது. நீளவாக்கில் ஓடும் மடிப்பின் முகட்டில் 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ நீளமுள்ள புண் என்றால் ஏ. அதைவிட நீளமாக இருந்தும் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவவில்லை என்றால் பி. ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குத் தொடர்ந்து, ஆனால் சுற்றளவில் முக்கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் சி. முக்கால் பங்கோ அதற்கு மேலோ என்றால் டி. உள்ளே அளவுகோல் கிடையாது. தசைத்துண்டு எடுக்கும் இடுக்கியின் வாயை விரித்துப் புண்ணின் பக்கத்தில் வைத்துத்தான் மில்லிமீட்டரைக் கணிக்கிறோம். அதனால் ஏ-க்கும் பி-க்கும் இடையில் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் வேறுபாடு வரும். படம் எடுத்து வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

தரத்தை ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறோம் என்றால், சிகிச்சை அதை வைத்தே மாறுகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில்கூட நூற்றில் ஐந்தாறு பேருக்கு ஏ தரப் புண் தெரியும். ஆகவே ஏ மட்டும் கண்டு ‘எதுக்களிப்பு நோய் உறுதி’ என்று எழுத முடியாது. சி, டி இரண்டும் ஐயத்துக்கு இடமில்லாத சான்று. பி-யை, எதுக்களிப்பு நோயை உறுதிசெய்யும் அளவுகோல்களாகப் பன்னாட்டு வல்லுநர்கள் 2018-இல் வெளியிட்ட லியான் ஒருமித்த கருத்து போதுமான சான்றாக ஏற்கவில்லை; 2024-இல் வெளியான திருத்தப் பதிப்பு ஏற்றுக்கொண்டது. சி அல்லது டி வந்தவர்கள் 8 வாரமாவது மருந்து சாப்பிட்ட பிறகு மறுபடி எண்டோஸ்கோபி செய்து, புண் ஆறியதையும் அடியில் பாரெட்ஸ் மாற்றம் ஒளிந்திருக்கவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இவர்கள் மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பி வருவது ஏறக்குறைய நிச்சயம். ‘நீண்ட நாள் சாப்பிட்டால் கெடுதல்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு இவர்கள் நிறுத்திவிடுவதும், ஏ தரம்கூட இல்லாதவர் பத்தாண்டாக விடாமல் சாப்பிடுவதும் நமக்குப் பழகிப்போன காட்சி.

அறிக்கையில் அடுத்துப் பார்க்க வேண்டியது எண்கள். உதாரணமாக, ‘இரைப்பை மடிப்புகளின் மேல்முனை 37 செ.மீ., உதரவிதான இடுக்கம் 40 செ.மீ.’ என்றிருந்தால், 3 சென்டிமீட்டர் இரைப்பை உதரவிதானத்துக்கு மேலே நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது. ஹையாட்டஸ் ஹெர்னியா என்பது இதுதான். வெறுமனே ‘சிறிய ஹெர்னியா’ என்று எழுதியிருந்தால் அளவைக் கேட்பதில் தவறில்லை. காற்றை அதிகம் ஊதினாலும், குமட்டலின்போது அளந்தாலும் இந்தக் கணக்கு பிசகும். இரைப்பைக்குள் போன பின் குழாயைத் திருப்பி, வாசலைக் கீழிருந்து பார்த்து, மடிப்பு குழாயை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று 1 முதல் 4 வரை குறிக்கும் ஹில் தரமும் பயனுள்ளது. ஆனால், பல அறிக்கைகளில் வரும் ‘வால்வு லூசாக இருக்கிறது’ என்ற சொற்றொடரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தசையின் அழுத்தத்தைக் கண்ணால் அளக்க முடியாது. அதுபோலத்தான் ‘லேசான கேஸ்ட்ரைடிஸ்’, அதாவது இரைப்பை அழற்சி. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சற்றுச் சிவந்திருப்பது மிகச் சாதாரணம். நெஞ்சில் எரிவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ‘எனக்கு அல்சர்’ என்று ஆண்டுக்கணக்கில் நம்புபவர்களின் பழைய அறிக்கையைப் பிரித்தால் பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான் இருக்கும்.

பாரெட்ஸ் என்ற சொல் அறிக்கையில் வந்தால் பதறுகிறார்கள். அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சவ்வு குடல் சவ்வைப்போல மாறிவிடுவது அது. 1950-இல் இதைப் பற்றி எழுதிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட், பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாயால் நெஞ்சுக்குள் இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் முதலில் கருதினார். அது மாறிய உணவுக்குழாயே என்பதைப் பிற்பாடு ஏற்றுக்கொண்டார். இசட் கோட்டுக்கு அருகில் நிறம் சற்று மேலேறித் தெரிந்தாலே பாரெட்ஸ் ஆகிவிடாது. இளஞ்சிவப்புச் சவ்வு குறைந்தது 1 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும், தசைத்துண்டில் குடல் வகைச் செல்கள் இருக்க வேண்டும். அதற்குக் குறைவான ஏற்ற இறக்கத்தில் துண்டு எடுப்பதே தேவையில்லை. எடுத்தால் வீண் பீதிதான் மிஞ்சும். உண்மையான பாரெட்ஸை, அதன் நீளத்தைக் குறிக்கும் பிராக் முறையில் எழுத வேண்டும். ‘சி2 எம்4’ என்றால் சுற்று முழுவதும் 2 சென்டிமீட்டர், நாக்குபோல் நீண்ட இடத்தில் 4 சென்டிமீட்டர். சந்தேகமான இடங்களைத் தனியே எடுத்த பிறகு, ஒவ்வொரு 2 சென்டிமீட்டருக்கும் நான்கு பக்கமும் துண்டு எடுக்க வேண்டும். புண் ஆறாத நிலையில் எடுத்தால், அழற்சியால் மாறிய செல்களைப் புற்றுக்கு முந்தைய மாற்றத்திலிருந்து பிரித்தறிவது நுண்ணோக்கி மருத்துவருக்குக் கடினம். எனவே முதலில் ஆற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். புற்றுக்கு முந்தைய அந்தச் செல் மாற்றம் இல்லாத பாரெட்ஸ் புற்றாக மாறுவது ஆண்டுக்கு 1,000 பேரில் 5 பேருக்கும் குறைவு. நீளம் 3 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் 5 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் என்றால் 3 ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

தொந்தரவு மாத்திரைக்கு அடங்கியிருந்தாலும், பாரெட்ஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். நீண்டகால எதுக்களிப்போடு, ஆண், 50 வயதைத் தாண்டியவர், புகைப்பவர் அல்லது முன்பு புகைத்தவர், உடல் பருமன் உள்ளவர், வெள்ளை இனத்தவர், நெருங்கிய இரத்த உறவில் பாரெட்ஸோ உணவுக்குழாய் அடினோ வகைப் புற்றோ உள்ளவர் ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்தினால் அமெரிக்க வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கிறது. ஒருமுறை பார்த்து இல்லையென்றால் ஆண்டுதோறும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

தசைத்துண்டு பற்றி இன்னொன்று. நார்மலாகத் தெரியும் உணவுக்குழாயில், எதுக்களிப்பை நிரூபிப்பதற்காக மட்டும் துண்டு எடுப்பதில் பெரிய பயன் இல்லை. ஆனால், உணவு சிக்குகிறது என்று வந்தவருக்குச் சவ்வு பளிச்சென்று இருந்தாலும் துண்டு எடுத்தே ஆக வேண்டும். மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று இரண்டு மட்டங்களிலாவது, மொத்தம் ஆறு துண்டுகள். இயோசினோபிலிக் அழற்சி திட்டுத்திட்டாக இருக்கும். இரண்டு துண்டோடு நிறுத்தினால் தவறவிடுவோம். விழுங்கச் சிரமம் என்று வந்தவரின் அறிக்கையில் ‘நார்மல், பயாப்சி எடுக்கவில்லை’ என்றிருந்தால் அந்தப் பரிசோதனை முடியவில்லை என்றே பொருள்.

மாத்திரையை நிறுத்திச் செய்த எண்டோஸ்கோபியும் நார்மல், எரிச்சலும் போகவில்லை என்றால் அடுத்து அமிலத்தையே அளக்க வேண்டும். எண்டோஸ்கோபியின்போதே இசட் கோட்டுக்கு 6 சென்டிமீட்டர் மேலே ஒரு சிறு கேப்சூலைப் பொருத்திவிடலாம். அது 96 மணி நேரம்வரை அமில அளவை இடுப்பில் கட்டிய கருவிக்கு அனுப்பிவிட்டுப் பின்பு தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும். இல்லையென்றால் மூக்கு வழியாக மெல்லிய கம்பிக்குழாய் விட்டு 24 மணி நேரம் அளக்கலாம். ஒரு நாளில் உணவுக்குழாய் அமிலத்தில் நனைந்திருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குக் கீழ் என்றால் இயல்பு. 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி. இடைப்பட்டால் மற்றச் சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் பத்தியமாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எப்போதும்போலச் சாப்பிட்டு, எப்போதும்போல வேலை செய்து, எரியும் ஒவ்வொரு முறையும் கருவியின் பொத்தானைத் தவறாமல் அழுத்த வேண்டும். எரிந்த நேரமும் அமிலம் ஏறிய நேரமும் பொருந்துகிறதா என்பதில்தான் விடை இருக்கிறது. அமிலம் இயல்பு, எரிச்சலோ தொடர்கிறது என்றால் உணவுக்குழாய் நரம்புகளின் கூர் உணர்வுதான் பெரும்பாலும் காரணம். அவர்களுக்கு மாத்திரையை இரட்டிப்பாக்கிப் பயனில்லை. நரம்பு உணர்வைத் தணிக்கும் மருந்து குறைந்த அளவில் உதவுகிறது. கீழ்முனைத் தசை திறக்கவே மறுக்கும் அகலேசியா நோயும் தொடக்கத்தில் எதுக்களிப்புபோலவே வேடமிடும். எதுக்களிப்புக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவெடுக்கும் முன் உணவுக்குழாயின் அழுத்தத்தை மேனோமெட்ரியால் அளந்தே ஆக வேண்டும் என்பது அதனால்தான்.

நாட்பட்ட இருமல், குரல் கம்மல், தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு மட்டும் இருந்து நெஞ்செரிச்சல் இல்லாதவர்களுக்கும் இந்த அமில அளவீடே எண்டோஸ்கோபியைவிட அதிகம் சொல்லும். குரல்வளை சிவந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதுக்களிப்பு என்று முடிவு செய்ய முடியாது. இருமலும் பேச்சும் ஒவ்வாமையும்கூட அதைச் சிவக்க வைக்கும்.

அடுத்த முறை மருத்துவப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதும்போது, அந்த ஒற்றை வரிக்குப் பதிலாகச் சில கேள்விகளைக் கட்டம் கட்டி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எனக்கு எதைத் தேடி இந்தப் பரிசோதனை? எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? புண் இருந்தால் தரம் என்ன, ஹெர்னியா இருந்தால் எத்தனை சென்டிமீட்டர்? துண்டு எடுத்தீர்களா, எங்கிருந்து, எத்தனை? எடுத்த படங்களையும் அறிக்கையோடு தருவீர்களா? வாசகர்கள் அறிக்கையை வாங்கியதும், அன்று தாங்கள் அமில மாத்திரையில் இருந்தார்களா, நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்பதை அதன் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பல அறிக்கைகளில் அந்த ஒரு தகவல்தான் விடுபட்டிருக்கிறது. மூன்றாண்டு கழித்து இன்னொரு மருத்துவர் அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
எண்டோஸ்கோபிப் பிரிவில் பணிபுரியும் குடல்நோய் மருத்துவர்கள்